1803 என்றார் கடைக்காரர்

"அக்கா, இதுக்கு நாலரை லட்சம் கேக்கிறாங்கள். குடுக்கலாமோ?"

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து நின்ற சித்தியின் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி. கூடவே ஒரு படம். சிவப்பு வெல்வெட் துணியின் மேல் நீளமான பிஸ்டல் ஒன்று. குண்டும் மருந்தும் வாய்ப்பக்கத்தால் போட்டு, கல் உரசி வெடிக்க வைக்கிற பழைய சாதி. அதன் பித்தளை எல்லாம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைக் கண்டதுமே எனக்கு மனம் விட்டுப்போனது. "ஒண்டும் குடுக்காதை, நான் வாறன்" என்று பதில் போட்டேன்.

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் இருந்தேன். தங்கம் நிறுக்கத் தெரிந்தவளுக்கு எல்லாம் நிறுக்கத் தெரியும் என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. அதில் பாதி உண்மை உண்டு. ஓய்வுக்குப் பிறகு தெரிந்தவர் ஒருவர் நடத்தும் ஏலத்துக்கு நகைப் பட்டியல் போட்டுக் கொடுக்கப் போனேன். பழைய வீடுகளைக் காலி செய்யும்போது நகை மட்டுமா வரும்? மணிக்கூடு வரும், வாள் வரும், பரணில் கிடந்த துவக்கு வரும். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, எழுதி, விற்கும் விலையைக் கவனித்துப் பழகியதுதான் எனக்கு இதில் இருக்கும் படிப்பு.

கொழும்பில் பழைய துவக்கு வாங்குகிறவர் முதலில் விலையைக் கேட்கக் கூடாது. இதை வைத்திருக்கலாமா, வெளியே கொண்டு போகலாமா என்று கேட்க வேண்டும். இங்கே துவக்குகளுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தோட்டா போட்டுச் சுடும் எதுவும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், பத்திரம் இல்லாமல் கையில் இருந்தால் உங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சாமான். கறுவாத்தோட்டத்தில் ஒரு அம்மா, காலமான கணவரின் அலுமாரியில் வெப்லி ரிவால்வர் ஒன்றைக் கண்டெடுத்து, எவ்வளவு போகும் என்று என்னிடம் கேட்டார். அது 1915இல் பிரிட்டிஷ் படை எடுத்துக்கொண்ட ஆறாம் மாதிரி. நல்ல சாமான்தான். ஆனால் பத்திரம் இல்லை. "துடைக்கக் கூட வேண்டாம், அப்படியே வைத்துவிட்டுப் பொலிசைக் கூப்பிடுங்கள்" என்றேன். அந்த வகையில் நிறையத் துவக்குகளின் உருளையைப் பின்பக்கம் சீவி, அமெரிக்கத் தோட்டா போடும்படி மாற்றியிருப்பார்கள். சீவாதது கிடைத்தால் சேகரிப்பவர்கள் வெளிநாட்டில் கூடுதலாகக் கொடுப்பார்கள். இவருடையது சீவாதது. இருந்தும் பத்திரம் இல்லாததால் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கப் போவதில்லை என்பதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தம்பி பார்த்தது தோட்டாத் துவக்கு இல்லை. ஆனால் அதற்கு வேறொரு சட்டம் காத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் ஒரு தேதி எழுதியிருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். இலங்கையில் இருக்கும் ஒரு பொருள் அதற்கு முந்தியது என்று நியாயமாக நம்ப இடமிருந்தால் அது தொல்பொருள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. 1988இல் வந்த கலாசாரச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதியைத்தான் பிடிக்கிறது. ஆகவே 1815க்குப் பிந்தியது என்றாலும், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் கனடாக்காரர்களுக்கு வேறு கணக்கு. 1898க்கு முன் செய்தது, இப்போதைய தோட்டா போடும்படி செய்யாதது என்றால்தான் அவர்கள் அதைப் பழம்பொருள் என்று விடுவார்கள்.

இப்போது தம்பியின் நிலையைப் பாருங்கள். இங்கே பழசாக இருக்கக் கூடாது, அங்கே புதிதாக இருக்கக் கூடாது. 1815க்கும் 1898க்கும் இடையில் பிறந்த பிஸ்டல்தான் அவனுக்குத் தோது. கடைக்காரரோ எவ்வளவு பழசு என்று சொல்கிறாரோ அவ்வளவு விலை கேட்பார். அதாவது, கடைக்காரர் சொல்வது உண்மை என்றால் தம்பிக்கு அது பிரயோசனமில்லை. பொய் என்றால் நாலரை லட்சம் அநியாயம். இதை நான் விளக்கியபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

சரி, இருந்தாலும் பார்ப்போம் என்று போனோம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கடை. உள்ளே கிராமபோன், அரிக்கன் விளக்கு, ஒல்லாந்தர் காலத்து அலுமாரி என்று சொல்லப்படும் அலுமாரிகள். முதலாளி மரியாதையான மனிதர், சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். தேத்தண்ணி வரவழைத்து உட்கார வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கினார்.

"1803, மிஸ். கண்டியிலை வெள்ளைக்காரனுக்கு நடந்தது தெரியும்தானே? மேஜர் டேவி? அவங்கட ஆக்களிட்டை இருந்து பறிச்சது. கண்டிப் பக்கத்து வளவு ஒண்டிலை இருந்து வந்தது."

கதை சும்மா சொல்லக்கூடாது, நல்ல கதை. 1803 பெப்ரவரியில் பிரிட்டிஷார் கண்டிக்குள் புகுந்தார்கள். டேவியின் பொறுப்பில் ஒரு படையை விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கினார்கள். காய்ச்சலில் பாதிப் பேர் படுத்துவிட, ஜூனில் சரணடைந்த அந்தப் படையில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள். டேவி உயிரோடு பிடிபட்டு கண்டியிலேயே கைதியாக இருந்து இறந்தார். இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அடகு மேசையில் இருந்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. "இது எங்கள் பாட்டிக்கு ராசா குடுத்த அட்டியல்" என்று சொல்லிக்கொண்டே சங்கிலியை நீட்டுவார்கள். தலையாட்டிக்கொண்டே உரைகல்லை எடுப்போம். கதைக்கு எடை இல்லை. காகிதத்தில் இருந்தால் உண்டு: பழைய கடிதம், குடும்பச் சொத்துப் பட்டியல், முந்திய ஏலத்தின் சீட்டு. "ஏதாவது எழுத்து இருக்கா முதலாளி?" என்றேன். இல்லை.

தம்பி பொறுமையில்லாமல் பிஸ்டலைத் தூக்கி, கண்ணாடி முன்னால் நின்று குறி பார்க்கத் தொடங்கினான். "கீழை வை" என்றேன். வாய்ப்பக்கத்தால் நிரப்பும் துவக்குகளில் மருந்தும் குண்டும் உள்ளேயே கிடக்கலாம். இருநூறு வருடம் ஆனாலும் ஈரம் படாத கருமருந்து எரியும். பார்க்கும் வழி சுலபம். மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் முட்டும் வரை விட்டு, வாயருகே விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தால் குச்சியின் நுனி தீத்துளை வரை, அதாவது நெருப்பு குழலுக்குள் போகும் சின்னத் துளை வரை, போக வேண்டும். இரண்டு விரலளவு குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. இது வெறுமையாக இருந்தது. குச்சி போகவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்: சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்களின் குழல் அடைத்தே வரும். அவை நாகக் கலவையில் வார்த்தவை, காந்தம் ஒட்டாது. தம்பியின் பிஸ்டலில் காந்தம் ஒட்டியது. அதனால் மட்டும் அது பழசு ஆகிவிடாது. இந்தியாவில் இன்றைக்கும் இரும்பிலேயே அச்சு அசலாகச் செய்கிறார்கள். இத்தாலியில் செய்யும் நகல்களில் கருமருந்து மட்டும் போடவும் என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருக்கும். அந்த எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு. குழலின் பக்கத்தில் காரணமில்லாமல் ஒரு பள்ளம் தெரிந்தால் அங்கே என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் என் நகைக் கண்ணாடியை எடுத்தேன்.

முதலில் திருகாணிகள். இது எல்லோருக்கும் முடிந்த பரிசோதனை, கண்ணாடி கூடத் தேவையில்லை. தலையில் சிலுவைக் கோடு இருந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். அந்த வகைத் திருகாணி 1930களில் வந்தது. ஒற்றைக் கோடு என்றாலும், பழையவற்றில் கோடு ஒடுக்கமாக, அரத்தால் அறுத்த மாதிரி, சில வேளை நடுவில் இல்லாமல் இருக்கும். இங்கே மூன்று திருகாணி பழசு. நாலாவது அகலமான கோட்டோடு புதிதாக மின்னியது. நாலாவது எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டேன். கல்லைப் பிடித்திருக்கும் குதிரையின் நடுவில்.

இந்தத் தீக்கல் துவக்கு வேலை செய்வதைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாக விளங்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, அதன் வாயில் இருக்கும் கல் எதிரே நிற்கும் உருக்குத் தகட்டைச் சுரண்டும். தகடு குழல்வாய்ப் பக்கமாகச் சாயும், பொறி கீழே உள்ள கிண்ணத்து மருந்தில் விழும், அந்த நெருப்பு சின்னத் துளையால் குழலுக்குள் போகும். ஆகவே உண்மையில் சுட்ட துவக்கில் தகட்டின் முகம் மேலிருந்து கீழாகக் கீறுப்பட்டிருக்கும். துளையைச் சுற்றி இரும்பு அரித்திருக்கும். கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். அந்த மூலையில் கறள் குழி மற்ற இடங்களை விட ஆழமாக இருப்பதுதான் இயற்கை. உடம்பு முழுக்க ஒரே அளவில் குழி குழியாக இருந்தால் அமிலத்திலோ உப்பிலோ ஊற வைத்திருக்கிறார்கள்.

இதில் பூட்டுத் தகட்டில், அதாவது குதிரையும் வில்லும் மாட்டியிருக்கும் பக்கத்து இரும்பில், ஆழமான பழைய குழிகள் இருந்தன. குழலின் அடியிலும் இருந்தன. ஆனால் குதிரையும் உருக்குத் தகடும் மழமழவென்று இருந்தன. கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான். உருக்குத் தகட்டின் முகத்தில் ஒரு கீறல் கிடையாது. ஒரே வீட்டில் ஒரே மழையைப் பார்த்த இரும்புகள் இப்படி வேறு வேறு வயதில் இருக்காது.

பூட்டுத் தகட்டில் ஒரு கிரீடம், பின்னால் "டவர்" என்ற ஆங்கிலச் சொல். தம்பிக்கு உற்சாகம். "லண்டன் டவர்தானே அக்கா? அரசாங்கத்து ஆயுதம்!" அவசரப்படக் கூடாது. பிரிட்டிஷ் அரசு ஆயுதசாலை 1764 வரை பூட்டில் செய்தவர் பெயரும் ஆண்டும் போட்டது. அதன் பிறகுதான் வெறும் "டவர்" வந்தது. ஆகவே 1780 என்றோ 1805 என்றோ ஆண்டு போட்ட டவர் பிஸ்டல் அரசுச் சாமான் என்று காட்டப்பட்டால் சந்தேகப்பட வேண்டும். இதில் ஆண்டு இல்லை, அது சரி. ஆனால் அரசுச் சாமான் என்றால் கிரீடத்துக்குக் கீழே மன்னரின் ஜி.ஆர். எழுத்தும், அரசுச் சொத்தைக் காட்டும் அம்புக்குறியும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்கள் ஆபிரிக்காவுக்கும் கிழக்குத் திசைக்கும் விற்கச் செய்த வியாபாரத் துவக்குகளிலும் கிரீடமும் டவரும் அடித்து அனுப்பினார்கள். வாங்குகிறவனுக்கு அந்த முத்திரையில் நம்பிக்கை, அடிக்கிறவனுக்கு அதில் காசு.

முத்திரைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் அகப்படுபவை பெரும்பாலும் மூன்று பக்கத்திலிருந்து வந்தவை. ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. பின்னல் எழுத்து இருந்தால், அந்தக் கம்பனி 1799 கடைசி நாளோடு முடிந்துபோனது. அதற்குப் பிந்திய ஆண்டு போட்டிருந்தால் அது கம்பனி செய்ததில்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சாமான்களில் முன்பு இதய வடிவ முத்திரை, 1808 அளவிலிருந்து கிரீடம் ஏந்திய சிங்கம். 1796இல் கொழும்பைப் பிடித்தபோது இங்கே ஆட்சி செய்தது சென்னையிலிருந்த கம்பனிதான் என்பதால் இதய முத்திரை இங்கே கிடைப்பதில் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தைச் சொல்லிக்கொண்டு சிங்க முத்திரையைக் காட்டினால்தான் ஆச்சரியப்பட வேண்டும். மூன்றாவது, கைபர் கணவாய்ப் பக்கத்துக் கைவேலை. அங்கே ஆங்கிலம் தெரியாத கொல்லர் பார்த்து வெட்டிய எழுத்து, சில வேளை கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறியிருக்கும்.

எழுத்து எந்த முத்திரையாக இருந்தாலும் அதன் ஓரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள இரும்பு தேய்ந்திருக்க எழுத்து மட்டும் கூராக நின்றால் அது பிறகு அடித்தது. இதில் டவர் எழுத்து பூட்டுத் தகட்டோடு சேர்ந்தே மங்கியிருந்தது. அந்தத் தகடு உண்மையில் பழசு என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமானது.

"பூட்டைக் கழட்டிப் பார்க்கலாமா?" என்றேன். முதலாளி கொஞ்சம் தயங்கினார். கழட்டக் கூடாது என்று சொல்கிற கடையில் வாங்கக் கூடாது, அது ஒன்றுதான் நான் வைத்திருக்கும் கண்டிப்பான விதி. ஆனால் கழட்டுகிறவர் கை பழகியவராக இருக்க வேண்டும். பொருந்தாத திருகாணிச் சாவியால் தலையைச் சிதைத்தால் அதுவே விலையைக் குறைக்கும். பின்னால் தளபாடம் செப்பனிடும் பாஸ் ஒருவர் வந்து, சாவி நுனியை அரத்தால் ராவி அளவாக்கி, பக்குவமாகக் கழட்டித் தந்தார். அந்த மனிதருக்கு என் மனதுக்குள் ஒரு சலாம்.

உள்ளே எல்லாம் எழுதி வைத்த மாதிரி இருந்தது. மருந்துக் கிண்ணம் பூட்டுத் தகட்டோடு ஒன்றாக இல்லை. பித்தளைப் பற்று வைத்து ஒட்டியிருந்தார்கள், ஓரத்தில் மஞ்சள் கோடு. தகட்டில் வில் இருந்த இடத்துத் துளைகள் ஒருமுறை அடைக்கப்பட்டு, பக்கத்திலேயே புதிதாகத் துளைக்கப்பட்டிருந்தன. குழலில் தீத்துளையைச் சுற்றி வட்டமாக வேறு நிறத்தில் இரும்பு. பெரிய துளை ஒன்று இருந்து, அதை அடைத்து, நடுவில் சின்னத் துளை போட்டிருக்கிறார்கள்.

இதன் அர்த்தம் துவக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு உடனே விளங்கும். 1820களில் கேப் வந்தது. கல்லும் கிண்ணமும் வேண்டாம், சின்னச் செப்புத் தொப்பியைத் தட்டினால் வெடிக்கும், மழையிலும் வெடிக்கும். 1840 அளவில் படைகளே மாறின. வைத்திருந்த கல் துவக்குகளை ஆட்கள் எறியவில்லை. கிண்ணத்தைச் சீவி, பக்கத்தில் துளைத்து, கேப் முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், பாவித்தவர்கள் தங்கள் தேவைக்குச் செய்தது. இரண்டாவது மாற்றம்தான் விஷயம். கல் துவக்குக்குச் சுவரில் கூடுதல் மதிப்பு என்று தெரிந்த யாரோ, இந்தக் காலத்தில், அதைத் திரும்பவும் கல் துவக்காக்கியிருக்கிறார்கள். குதிரையும் உருக்குத் தகடும் கிண்ணமும் புதுசு. நாலாவது திருகாணியும் அப்படித்தான். மாற்றாமல் கேப் துவக்காகவே விட்டிருந்தால் நான் இதை விடக் கூடுதலாக மதித்திருப்பேன்.

பித்தளைப் பளபளப்பும் அதே கையின் வேலைதான். குழலை எமரி தாள் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கியிருந்தார்கள். பழைய இரும்பின் மேல் தானாக வரும் அந்த மண்ணிறத் தோலை ஒருமுறை எடுத்துவிட்டால் யாராலும் திருப்பி வைக்க முடியாது. தூசி படிந்த, கறுத்துப்போன பிஸ்டலைத்தான் நான் ஆசையோடு கையில் எடுப்பேன்.

கடைசியாகக் குழலை மரத்திலிருந்து எடுத்து அடியில் பார்த்தோம். மரம் மூடியிருந்ததால் எமரி தாள் அங்கே போகவில்லை. கிரீடமும் கீழே குறுக்காக இரண்டு செங்கோலும், இடையிடையே பி, பி, சி. (ஆங்கிலத்தில் B, P, C. வானொலிக்காரர்கள் இல்லை.) பக்கத்தில் இன்னொரு செங்கோல் குறியும் வி என்ற எழுத்தும். பர்மிங்ஹாம் குழல் சோதனைச் சாலையின் முத்திரை. அங்கே கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காத குழலுக்கு மட்டும் இதை அடிப்பார்கள். அந்தச் சாலையை நிறுவிய சட்டம் 1813இல்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. முத்திரை 1904 வரை இருந்தது.

1803இல் டேவியின் ஆட்கள் கையில் இருந்த பிஸ்டலில் 1813க்கு முன் இல்லாத முத்திரை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. முத்திரையைக் காட்டி, ஆண்டை மட்டும் சொன்னேன். முதலாளி கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "எனக்குத் தந்தவர் அப்படித்தான் சொன்னார் மிஸ்" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வியாபாரத்தில் கதை கைமாறும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

தம்பி விடவில்லை. "அப்ப கண்டி ஆக்கள் செய்த துவக்கு எப்பிடி இருக்கும்?" என்றான். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பு நூதனசாலைக்குப் போகலாம். கண்டிக் கொல்லர்கள் செய்த துவக்குகளில் பூட்டு இடது பக்கம் இருக்கும், பிடியின் அடி இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும், வெள்ளியிலோ பித்தளையிலோ கொடி வேலைப்பாடு ஓடும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்டுப் போனவற்றில் ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. கண்டிப் பிரபு லெவ்கேயின் பீரங்கியோடு இரண்டு துவக்குகளும் அவற்றில் அடக்கம். பூட்டு வலது பக்கம், பிடி உருண்டை, மரம் வால்நட் என்றால் அது எந்த வளவில் தொங்கியிருந்தாலும் பிறந்த ஊர் வேறு. அப்படி ஒரு உண்மையான கண்டித் துவக்கு கடையில் கிடைத்தால், தம்பி, அதை வாங்க நினைக்காதே, திணைக்களத்துக்குச் சொல் என்றேன்.

சரி, விலை. லண்டனில் இந்த மாதிரி இவ்வளவுக்குப் போனது என்று இணையத்தில் காட்டுவார்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் அடித்து முடித்த விலையைப் பாருங்கள். அதையும் அப்படியே ரூபாயாக்கி இங்கே சொல்லக் கூடாது. அங்கே வாங்குகிறவர் நாளைக்கே விற்கலாம், ஊர் மாற்றலாம். இங்கே வாங்குகிறவர் சிலர், வெளியே கொண்டு போகும் வழி ஒடுக்கம், வைத்திருப்பதற்கே பத்திரக் கேள்வி. இந்தச் சிரமத்துக்கெல்லாம் விலையில் கழிவு இருக்க வேண்டும். இந்தப் பிஸ்டலுக்கு நான் மனதில் போட்ட கணக்கு: பழைய குழல் நல்லது, பழைய பூட்டுத் தகடு, மரம் ஒரு வெடிப்போடு அசல். வியாபாரத் துவக்கு, அரசுத் துவக்கு இல்லை. இரண்டு முறை மாற்றியது, தோல் உரித்தது, கதை விழுந்துவிட்டது. ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை. அதுவும் தம்பிக்குப் பிடித்திருக்கிறதே என்பதற்காக.

வேடிக்கை என்னவென்றால், கதை விழுந்ததால்தான் அது தம்பிக்கு ஏற்ற சாமான் ஆனது. 1813க்கு முந்தியதாக இருக்க முடியாது. 1813க்கும் 1815 மார்ச்சுக்கும் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நாளில் செய்யப்பட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று வாதாட விரும்புகிறவர் வாதாடலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியது நானோ கடைக்காரரோ இல்லை, தொல்பொருள் திணைக்களம். ஆகவே முதலாளியிடம் இரண்டு விஷயம் கேட்டேன். திணைக்களத்தின் எழுத்துப் பதிலும், இதை வைத்திருக்கப் பத்திரம் தேவையா என்று பாதுகாப்பு அமைச்சின் எழுத்துப் பதிலும் வரும் வரை பிஸ்டல் கடையிலேயே இருக்கட்டும், முற்பணம் மட்டும் தருகிறோம், பதில் பாதகமாக வந்தால் பணம் திரும்பி வர வேண்டும். இரண்டாவது, பில்லில் அவர் என்ன விற்கிறார் என்று எழுதித் தர வேண்டும்.

"என்ன எழுதிறது மிஸ்?"

"நீங்கள் சொன்னதைத்தான். 1803, கண்டி, அசல் கல் துவக்கு. எழுதினால் நாலரை லட்சத்தைப் பற்றிக் கதைக்கலாம்."

முதலாளி சிரித்தார். பில் புத்தகத்தை இழுத்து, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சிங்களத்தில் ஒரு வரி எழுதினார். தம்பி எட்டிப் பார்த்து, வாசிக்கத் தெரியாமல் என்னைப் பார்த்தான். "பழைய பிஸ்டல் ஒன்று, பர்மிங்ஹாம் குழல், திருத்தியது" என்று இருந்தது. விலைக்கான கட்டத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார். பிறகு பேரம் தொடங்கியது. இரண்டாவது தேத்தண்ணியும் வந்தது. ஒரு லட்சத்து இருபதில் நின்றது, நான் நினைத்ததை விட இருபது கூட. தம்பி சந்தோஷமாக முற்பணம் கட்டினான். திணைக்களத்துக்கான கடிதத்தை அன்றிரவே நான் தட்டச்சு செய்து, முத்திரையின் படத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் போட அவனிடமே கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அவன் ஸ்காபரோவிலிருந்து கிழமைக்கொரு தடவை கேட்கிறான்.